கழுத்தில் துண்டு போடும்போதே கேட்டுவிடுங்கள்

பாகலூர் பேருந்து நிலையத்தைச் சுற்றியும், பேரிகை சாலையிலும், சர்ஜாபூர் போகிற வழியிலும் சலூன் நடத்தும் அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும்,

மருந்துக்கடைக்காரன் எழுதுகிறேன். உங்களில் பலர் என்னிடம் பிளேடு பாக்கெட்டும் பஞ்சும் டெட்டாலும் வாங்குகிறவர்கள். அதே மேசையில்தான் ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம், எகோஸ்பிரின் (ஆஸ்பிரின்தான்), குளோபிடோக்ரல் அட்டைகளையும் வெட்டிக் கொடுக்கிறேன். பிளேடு வாங்கிப் போன கையும் மாத்திரை வாங்கிப் போன ஆளும் ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் நாற்காலியில் சந்தித்துக்கொள்கிறார்கள். அங்கே நடந்த பேச்சு திங்கட்கிழமை என் கடைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

“ஷேவ் பண்றதுக்கு முந்தின நாள் மாத்திரையை விட்டுட்டு வாங்கன்னு சலூன்ல சொன்னாங்க சார். விடலாமா?”

இதை என்னிடம் கேட்டவர்கள் ஒருவர் இருவர் அல்ல. எந்தக் கடையில் சொன்னார்கள் என்று நான் விசாரிப்பதில்லை. தெரிந்தாலும் இங்கே எழுதப்போவதில்லை. ரத்தம் நிற்காமல் வழிந்ததைப் பார்த்துப் பயந்து, நல்ல மனசோடு சொன்ன வார்த்தைதான். ஆனாலும் உங்கள் கடையில் இருக்கும் அத்தனை கத்தியும் சேர்ந்து செய்ய முடியாத கெடுதலை அந்த ஒரு வார்த்தை செய்துவிடும்.

முதலில், இந்த மாத்திரைகளை யார் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தவர்கள், இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறவர்கள், ஒருமுறை பக்கவாதம் வந்து பிழைத்தவர்கள், காலில் ரத்தக்கட்டி வந்தவர்கள். இவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள் என்பதால் உங்களுக்கே ஒரு சந்தேகம் வரும். சந்தேகம் வராத கூட்டம் ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் தொண்டைப் புண்ணும் மூட்டு வீக்கமுமாக ருமாட்டிக் காய்ச்சல் வந்து, அது இதய வால்வைத் தின்றுவிட, இருபத்தைந்து முப்பது வயதில் செயற்கை வால்வு வைத்துக்கொண்டவர்கள். சிப்காட்டில் ஷிஃப்டுக்குப் போவார்கள், பைக் ஓட்டுவார்கள். பார்த்தால் நோயாளி என்றே தெரியாது. உலோக வால்வு உள்ளவருக்கு அசிட்ரோமோ வார்ஃபரினோ ஆயுள் முழுக்க வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் உருவாக்கிய சித்ரா வால்வு 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வுக்குக் கொடுக்கப் பணமில்லாத குடும்பங்களுக்கு அது வழி திறந்துவிட்டது. இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்து ஆட்கள் பெங்களூரு ஜெயதேவா ஆஸ்பத்திரிக்கோ பொம்மசந்திராவுக்கோ போய் அறுவை செய்துகொண்டு திரும்புகிறார்கள். அங்கே எழுதிக்கொடுத்த சீட்டு எங்கள் கடைக்கு வருகிறது, ஆள் உங்கள் கடைக்கு வருகிறார்.

இந்தக் கூட்டம் இன்னும் பெருகும். 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடி வருகிறவருக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். முன்பு வழியிலேயே போயிருக்கக்கூடிய சிலர் இன்று பிழைத்து வந்து, மாத்திரையும் கையுமாக உங்கள் முன்னால் உட்காருகிறார்கள்.

இப்போது அந்த ‘ஒரு நாள் விட்டுவிட்டு வா’ விஷயம்.

தோல் வெட்டுப்பட்டதும் தட்டணுக்கள் ஓடிவந்து ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிச் செங்கல் போல ஓட்டையை அடைக்கும். பிறகு ஃபைப்ரின் என்ற நார் பின்னி, சிமெண்ட் பூசியது போல அதை இறுக்கும். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் செங்கல்களை ஒட்டவிடாது; அசிட்ரோமும் வார்ஃபரினும் சிமெண்டைக் குறைத்துவிடும். முதல் வகை சாப்பிடுகிறவருக்கு சின்னக் கீறல்கூட நின்று தொலைக்காது. இரண்டாம் வகைக்காரருக்கு நின்றது போலத் தெரிந்து, துண்டை எடுத்து உதறும் நேரத்தில் மறுபடி கசியும். நீங்கள் இரண்டையும் பார்த்திருப்பீர்கள், காரணம்தான் தெரிந்திருக்காது.

ஆஸ்பிரின் ஒரு தட்டணுவைத் தொட்டுவிட்டால் அது சாகும்வரை அப்படியே இருக்கும். தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். அப்படியிருக்க, சனிக்கிழமை மாத்திரையை விட்டால் ஞாயிற்றுக்கிழமை ஷேவிங்கில் என்ன மாறிவிடும்? ஒன்றும் மாறாது. ஆனால் ‘சலூனுக்குப் போகும்போது விடலாம்’ என்று ஒருவர் பழகிவிட்டால், அது பல் பிடுங்கும்போது, விரதத்தின்போது, அட்டை தீர்ந்துபோனபோது என்று நீளும். ஸ்டென்ட் வைத்துச் சில மாதமே ஆனவர் அப்படி விட்டால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். அசிட்ரோம் ஆஸ்பிரினைவிட வேகமாக உடம்பை விட்டு இறங்கும். இரண்டு மூன்று நாள் விட்டாலே காவல் போய்விடும். உலோக வால்வில் ரத்தம் கட்டி, மூடித் திறக்கும் தட்டு சிக்கிக்கொள்ளலாம். அல்லது கட்டி பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போகலாம். கன்னத்துக் கீறலைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் தீர்ந்தது. இதை எதைக் கொண்டு அழுத்துவது?

பேரிகை பக்கம் பசுமைக் குடில்களில் ரோஜா வெட்டுகிற பெண்களிலும் அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் உண்டு. முள் குத்தாத நாள் அவர்களுக்கு இல்லை. கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போகிறார்கள். ஒருத்தரும் மாத்திரையை நிறுத்துவதில்லை. ஷேவிங்குக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம் என்று எனக்கு விளங்கவில்லை. கண்ணாடியில் தன் ரத்தத்தைத் தானே பார்ப்பதாலோ என்னவோ.

பயத்துக்கு இன்னொரு காரணமும் உங்கள் கடைப் பேச்சில்தான் சுற்றுகிறது: “அது எலி மருந்தாம்ல!” பொய் இல்லை, ஆனால் முழுக்கதையும் இல்லை. 1920-களில் அமெரிக்காவின் வடபகுதியிலும் கனடாவிலும் மாடுகள், கொம்பை வெட்டினாலோ காயடித்தாலோ ரத்தம் நிற்காமல் செத்தன. பூஞ்சை பிடித்த ஒருவகைத் தீவனப்புல்தான் காரணம் என்று கால்நடை மருத்துவர்கள் கண்டார்கள். 1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர் செத்த கிடேரியையும், உறையாத ரத்தம் ஒரு பால் கேன் நிறையவும், கெட்டுப்போன புல்லையும் ஏற்றிக்கொண்டு பனிப்புயலில் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கார்ல் பால் லிங்க் என்ற விஞ்ஞானியின் குழு அந்தப் புல்லிலிருந்து ரத்தத்தை உறையவிடாத பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. 1954-ல் மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு அதைக் கொடுத்தார்கள். அசிட்ரோம் அதன் உடன்பிறப்பு. அளவுதான் எல்லாம். அந்த அளவு சரியா என்று பார்க்கத்தான் ஐ.என்.ஆர். பரிசோதனை. பலருக்கு அது 2-க்கும் 3-க்கும் இடையே இருக்க வேண்டும். சில வால்வுகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வைப்பார்கள். “எலி மருந்து” என்று சிரிப்புக்குச் சொல்லாதீர்கள் அண்ணே. வீட்டுக்குப் போய் மாத்திரையைத் தூக்கி எறிகிறவன் இருக்கிறான்.

நான் உங்களிடம் கேட்பது ஒரு கேள்விதான். துண்டு போடும்போதே கேளுங்கள்: “ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?” நம் ஊரில் தமிழ் மட்டும் போதாது. கன்னடக்காரரிடம் “ரக்த தெளுவாகோ மாத்ரெ தகோத்தீரா?” என்றும், தெலுங்குக்காரரிடம் “ரக்தம் பலுச்சபடே மாத்ரலு வேசுகுண்டுன்னாரா?” என்றும் கேட்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வடக்கிலிருந்து வந்து கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களிடம் “கூன் பத்லா கர்னே கீ தவா லேதே ஹைன்?” என்று கேட்க, அங்கிருந்தே வந்து உங்களோடு கத்தி பிடிக்கும் தம்பிகள் இருக்கிறார்கள்.

சிலர் சொல்ல மாட்டார்கள். நோய் தெரிந்தால் வேலை போய்விடும், கல்யாணம் நின்றுவிடும் என்ற பயம். ஆனால் டாக்டரைவிட நெருக்கமாக ஆளைப் பார்க்கிறவர் நீங்கள். சட்டைக் காலரைத் திறந்தால் நெஞ்சு நடுவே நேர்க்கோடாக இறங்கும் தழும்பின் நுனி தெரியும். உலோக வால்வு உள்ளவரின் மார்பிலிருந்து, கடை அமைதியாக இருந்தால், கடிகாரச் சத்தம் மெல்லக் கேட்கும். தாடைக்குக் கீழே கத்தி ஓட்டக் குனியும்போது பலருக்கு அது கேட்டிருக்கும், வாட்ச் என்று நினைத்திருப்பீர்கள். கையில் காரணமில்லாத நீலத் திட்டுகள், வாய் திறந்தால் ஈறில் ரத்தம் — இவை இருந்தால் அளவு எகிறியிருக்கலாம். “ஐ.என்.ஆர். பார்த்து எத்தனை நாளாச்சு?” என்று மட்டும் கேட்டு அனுப்புங்கள். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் வேலையும் இல்லை, என் வேலையும் இல்லை.

ஷேவிங்குக்கு வருவோம். உங்களுக்கே தொழில் சொல்லிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம். இந்த வாடிக்கையாளருக்கு மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறேன். முடிந்தால் டிரிம்மர். ஒரு நாள் தாடி அளவுக்கு நின்றால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. வழவழவென்று வேண்டும் என்று அடம்பிடித்தால், வெந்நீர்த் துணியை இரண்டு நிமிடம் போட்டு வையுங்கள். மார்கழி, தை மாதக் குளிரில் நம் ஊரில் தோல் சிலிர்த்துப் புள்ளி புள்ளியாக நிற்கும்போது இது ரொம்ப முக்கியம். நுரையைத் தாராளமாகப் போட்டு, முடி வளர்ந்த போக்கிலேயே ஒரு தடவை இழுத்தால் போதும். “ரிவர்ஸ் அடிங்க” என்பார், அடிக்காதீர்கள். தோலை ரொம்ப இழுத்துப் பிடிக்காமல், கத்தியை அழுத்தாமல், குரல்வளை, தாடைத் திருப்பம், மூக்கடி ஆகிய மூன்று இடத்திலும் நிதானித்து, பருவையும் மருவையும் சுற்றிப் போய்விடுங்கள். புது பிளேடு அவர் கண் முன்னால் உடையட்டும். மழுங்கின பிளேடுதான் அதிகம் வெட்டும் என்பது எனக்கு முன்பே உங்களுக்குத் தெரியும்.

வெட்டுப்பட்டால் பதறாதீர்கள். சுத்தமான பஞ்சையோ புதுத் துணியையோ வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். சுவர்க் கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம். நின்றதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. எடுத்தால் அப்போதுதான் ஒட்டிய செங்கலும் சேர்ந்து வந்துவிடும். நிற்கவில்லை என்றால் இன்னொரு பத்து நிமிடம், துணிமேல் ஐஸ் கட்டி வைத்தும் பிடிக்கலாம். அதற்கும் மேல் வழிந்தாலோ, காயம் ஆழமாக இருந்தாலோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்; கூடவே ஓர் ஆள் போகட்டும். காபித்தூள், சுண்ணாம்பு, பீடிப்புகையிலை எதுவும் வேண்டாம். ஆஃப்டர்ஷேவ் எரிச்சல் மட்டும் தரும். ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவருக்கு இந்தப் பத்து நிமிடம் இருக்காது. அதனால் அவரை வேலைக்குப் போகும் வழியில் வராமல், வேலை முடிந்து வரச் சொல்லுங்கள்.

படிகாரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை அதிகம் பேச வேண்டியிருக்கிறது. படிகாரம் நல்ல பொருள். தோலைச் சுருக்கி, ரத்தத்தில் உள்ள புரதத்தை உறையவைத்து, சின்னக் கசிவை நிறுத்தும். தாத்தா காலத்திலிருந்து உங்கள் தொழிலில் இருக்கிறது. அதில் எனக்குக் குறை இல்லை. குறை, கடைக்கு ஒரே கல் என்பதில். காலையில் ஒருவர் காயத்தில் தேய்த்த கல் சாயங்காலம்வரை பத்துப் பேர் காயத்தைத் தொடுகிறது. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூடக் குறைந்தது 7 நாள் உயிரோடு கிடக்கும். எய்ட்ஸ் பிரசாரம் வந்த பிறகு “புது பிளேடு போடுங்க” என்று கேட்க ஜனங்கள் பழகிவிட்டார்கள். “புதுக் கல் போடுங்க” என்று கேட்க யாரும் பழகவில்லை. ரத்தம் நிற்கத் தாமதமாகும் ஆளுக்குக் கல்லை அதிக நேரம் தேய்க்கிறீர்கள். அவருக்கு வரவும் வாய்ப்பு அதிகம், அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகவும் வாய்ப்பு அதிகம். கல்லை உடைத்துச் சுண்டைக்காய் அளவுத் துண்டுகளாக டப்பாவில் வையுங்கள். ஆளுக்கு ஒரு துண்டு, வேலை முடிந்ததும் குப்பையில். இல்லையென்றால் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பான் பாட்டிலில் ஊற்றிவிடுங்கள். படிகாரம் விலை என்ன என்று உங்களுக்கே தெரியும். இதற்குப் போய்க் கணக்குப் பார்க்க வேண்டாம்.

ஷேவிங் முடிந்ததும் தலையைத் தட்டி, கழுத்தை இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு என்று சொடக்கு எடுக்கிறீர்களே, அதை இவர்களுக்கு அறவே விட்டுவிடுங்கள். எல்லாருக்குமே விட்டுவிட்டால் இன்னும் நல்லது. 2024-ல் பெங்களூரு பத்திரிகைகளில் வந்த செய்தி ஞாபகம் இருக்கலாம்: பல்லாரியைச் சேர்ந்த 30 வயது வாலிபர். முடி வெட்டிய பிறகு இலவசமாகச் செய்த மசாஜில் கழுத்தைத் திருப்பியிருக்கிறார்கள். லேசான வலியோடு வீட்டுக்குப் போனவருக்குச் சில மணி நேரத்தில் பேச்சு நின்று இடதுபக்கம் பலவீனமானது. கழுத்துத் தமனியின் சுவர் கிழிந்து பக்கவாதம். அவருக்குக் கொடுத்த சிகிச்சையே ரத்தம் உறையாமலிருக்கும் மருந்துதான். மாத்திரை சாப்பிடாத ஆளுக்கே அப்படி. ஏற்கெனவே சாப்பிடுகிறவருக்குத் தலையில் பலமாகத் தட்டினாலோ, நாற்காலியிலிருந்து எழும்போது வழுக்கித் தலை இடித்தாலோ, வெளியே காயம் தெரியாவிட்டாலும் உள்ளே கசியலாம். தலையில் அடிபட்டவரை நேராக ஓசூர் அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். 108-க்குப் போன் போட யோசிக்க வேண்டாம்.

மொட்டை விஷயத்தில் மட்டும் எனக்கும் தெளிவான வழி தெரியாமல் திண்டாடியிருக்கிறேன். நம் பக்கத்தில் ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் திருப்பதிக்கு முடி காணிக்கை என்று வேண்டிக்கொள்ளாத வீடு கிடையாது. வால்வு வைத்தவரேதான் போய் உட்கார்ந்து தலையைக் கொடுக்கிறார். தலைத்தோலில் ரத்த ஓட்டம் அதிகம். சின்ன வெட்டும் வாரிக் கொட்டும். வேண்டுதலை விடு என்று சொல்ல நான் யார்? ஐ.என்.ஆர். பார்த்து அளவு சரியாக இருக்கும் வாரத்தில் போங்கள், போகும் முன் உங்களிடம் மெஷினில் ஒட்ட வெட்டிக்கொண்டு போங்கள் என்கிறேன். நீளமுடியைக் கத்தி இழுக்க வேண்டியிருக்காது. அங்கே உட்கார்ந்ததும் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடச் சொல்கிறேன். சாவு வீட்டில் கொள்ளி வைக்கிற மகனுக்கு மொட்டையடிக்கப் போகிறவர்களும் இதே கேள்வியைக் கேளுங்கள். அந்தத் துக்கத்தில் அவன் தானாகச் சொல்ல மாட்டான். ஆற்றோரத்தில் வெறும் தண்ணீரைத் தெளித்து அவசரமாகச் சிரைக்கும் இடத்தில் கூடையில் சுத்தமான பஞ்சு ஒரு கட்டு இருக்கட்டும்.

பியூட்டி பார்லர் நடத்தும் அக்கா தங்கைகளுக்கும் இதில் பங்கு உண்டு. ருமாட்டிக் வால்வு நோய் பெண்களுக்குத்தான் அதிகம். வாக்ஸ் போட்டுத் தோலை உரித்தால் ரத்தக்கட்டு நீலமாகப் படியும். த்ரெடிங்கும் அவசரமில்லாமல் செய்ய வேண்டியதுதான்.

கடைசியாக உங்களைப் பற்றி. பிளேடைப் பாதியாக உடைக்கும்போது உங்கள் விரலும் வெட்டுப்படுகிறது. அடுத்த ஆளின் ரத்தம் அதே விரலில் படுகிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. செவ்வாய்க்கிழமை உங்களுக்கு விடுமுறை, எனக்குக் கடை உண்டு. வாருங்கள். ஊசியைப் போடுவது டாக்டரின் வேலை; மருந்தைக் கொண்ட விலைக்கே தருகிறேன். அந்த நான்கு மொழிக் கேள்வியையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் அடித்து வைத்திருக்கிறேன். கண்ணாடிக்குப் பக்கத்தில், சினிமா நடிகர் படத்துக்குக் கீழே ஒட்ட இடம் இருந்தால் வாங்கிக்கொண்டு போங்கள்.

இங்ஙனம்,
பாகலூர் மருந்துக்கடைக்காரன்